சுக்கான் யார் கையில்?

வந்தவாசி கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். பாயானாலும் பட்டானாலும் பாவும் ஊடையும் கூடினால்தான் அடுப்பில் உலை ஏறும் என்பதை இவ்விரு ஊர்ப் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்லும் முன்பே கற்றுக்கொண்டு விடுகின்றனர்.

சென்ற கோடையில், உறவினர் இல்லத் திருமணத்திற்குப் பட்டுச் சேலை எடுப்பதற்காக நாம் வந்தவாசியிலிருந்து ஆரணிக்குச் சென்றிருந்தோம். கடைவீதியில் ஏறி இறங்குவதைவிட நெய்கிறவரிடமே பார்த்து வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கூறவே, ஒரு நெசவாளர் இல்லத்திற்குப் போனோம். குடும்பத் தலைவர் குழித்தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். அவருடைய துணைவியார் இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் கோத்துத் தொங்கவிடப்பட்ட துளையிட்ட அட்டைகள், மிதிபலகையை அவர் மிதிக்க மிதிக்க, ஒவ்வொன்றாகப் புரண்டன. கீழே சேலையின் கரையில் அன்னம் ஒன்று மெல்ல மெல்ல உருப்பெற்றுக்கொண்டிருந்தது.

ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர்களுடைய மகன் தறியருகே வந்து நின்றான். அதற்கு முந்திய வாரம் ‘கல்கி 2898 ஏ.டி.’ என்ற திரைப்படத்தைப் பார்த்திருந்தானாம். நம்மை யாரோ படித்தவர் என்று எண்ணிக்கொண்டானோ என்னவோ, தயங்கித் தயங்கிக் கேட்டான்: “ஐயா, அந்தப் படத்திலே வருகிற மாதிரி ஒரு நாள் இயந்திரங்களெல்லாம் மனுசரை ஆண்டுவிடுமா? அப்பா தறிக்கு மேலே அட்டையை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப்போகிறார்களாமே?”

தந்தையின் கால் ஒரு கணம் மிதிபலகையில் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் நெய்யத் தொடங்கினார். அந்தத் தாய்தான், “இதையேதான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஐயா. நீங்களாவது அவனுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போங்கள்” என்றார்.

அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையானது. வந்தவாசிக்குத் திரும்பிய பின்பும் அக்கேள்வி நம்மை விடவில்லை. அந்தச் சிறுவனுக்கும், அவனைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற வாசகர்களுக்கும் சற்று ஆர அமரச் சிந்தித்துக் கூறும் பதிலே இக்கட்டுரை.

படம் சொல்லும் கதை

‘கல்கி 2898 ஏ.டி.’ 2024-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் வெளிவந்தது. தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழ் உட்படப் பல மொழிகளில் திரையிடப்பட்டது. இயக்கியவர் நாக் அஸ்வின். நடிகை சாவித்திரியின் வாழ்க்கையை 2018-இல் ‘நடிகையர் திலக’மாகத் தந்தவரும் இவரே. இசை நம்மவரான சந்தோஷ் நாராயணனுடையது.

கதை மகாபாரதப் போரின் முடிவில் தொடங்குகிறது. பழிவெறி கொண்ட அசுவத்தாமன், பாண்டவர் குலத்தின் கடைசிக் கொழுந்தையும் அழிக்க எண்ணி, உத்தரையின் வயிற்றிலிருக்கும் சிசுவின் மேல் அஸ்திரம் ஏவுகிறான். அந்தக் கொடுமைக்குத் தண்டனையாகச் சாவே வராமல் அலையும்படி கண்ணன் அவனைச் சபிக்கிறான். கலியுகம் கி.மு. 3102-இல் பிறந்தது என்பது மரபுக் கணக்கு. அதனோடு 2898-ஐக் கூட்டினால் ஆறாயிரம் ஆண்டுகள். அத்தனை காலத்தைத் தாண்டிக் காசி நகரில் கதை மீண்டும் தொடர்கிறது.

அந்தக் காசியில் கங்கை வற்றிக் கிடக்கிறது. நகருக்கு மேலே, வானத்தில், கவிழ்த்து வைத்த கூர்நுனிக் கோபுரம் போன்ற மாபெரும் கட்டடம் ஒன்று நிற்கிறது. ‘காம்ப்ளெக்ஸ்’ என்பது அதன் பெயர். நீர், பசுமை, உணவு என்று உலகில் எஞ்சிய நலன்கள் எல்லாம் அதனுள்ளே. வெளியே புழுதியும் பசியும். பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கக் காணும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்த வறண்ட கங்கையைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

அந்தக் கோபுரத்தை ஆள்பவன் யாஸ்கின் என்னும் கிழவன். இவ்வேடத்தைக் கமல்ஹாசன் ஏற்றுள்ளார். உடல் வற்றி, குழாய்களாலும் கருவிகளாலும் உயிர் பிடித்து வைக்கப்பட்டிருப்பவன் அவன். தன் ஆயுளை நீட்டிக்கொள்ள அவன் கண்ட வழி கொடியது. பெண்களைக் கருத்தரிக்கச் செய்து, அவர்களுடைய கருவிலிருந்து உயிர்ச்சத்தை எடுக்கிறான். அப்பெண்களுக்கு அங்கே பெயர் கிடையாது. எண் மட்டுமே உண்டு. ‘சம்-80’ என்று அழைக்கப்பட்ட ஒருத்தி (தீபிகா படுகோன்) வயிற்றுப் பிள்ளையோடு தப்பி ஓடுகிறாள். வெளியே வந்த பின்னர்தான் அவளுக்குச் சுமதி என்ற பெயர் கிடைக்கிறது. சம்பலா என்னும் மறைவூர் அவளுக்குப் புகலிடம் தருகிறது. ஷோபனா ஏற்றுள்ள அவ்வூர்த் தலைவியின் பெயர் மரியம்.

சுமதிக்குக் காவலாக எழுந்து நிற்பவன் யார்? அசுவத்தாமனே! முன்பு ஒரு தாயின் கருவை அழிக்கத் துணிந்தவன், ஆறாயிரம் ஆண்டுகள் கழித்து வேறொரு தாயின் கருவைக் காப்பதற்காகத் தன் உடலையே கேடயமாக்குகிறான். அவ்வேடத்தில் அமிதாப் பச்சன் நடித்திருக்கிறார். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 81. முதுமையின் களைப்பும் பழைய பாவத்தின் பாரமும் அந்த முகத்தில் தெரிகின்றன. சண்டைகளும் பறக்கும் ஊர்திகளும் மறந்துபோன பின்பும் நம் நெஞ்சில் நின்றது அந்த முகம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படத்தில் எத்தனையோ இயந்திரங்கள் வருகின்றன. ஆனால் ஆள்பவை இயந்திரங்கள் அல்ல. அவற்றின் உச்சியில் அமர்ந்திருப்பவன் ஒரு மனிதன், சாவுக்கு அஞ்சிய மனிதன். இன்னொரு புறத்தில், நாயகன் பைரவனின் (பிரபாஸ்) ஊர்தியான ‘புஜ்ஜி’ தானாகவே பேசுகிறது, சிந்திக்கிறது, நையாண்டி செய்கிறது. கீர்த்தி சுரேஷின் குரலில் அது ஒரு தோழியாகவே ஆகிவிடுகிறது. ஆக, ஒரே கதையில் இயந்திரம் பகைவனுக்கும் துணை நிற்கிறது, நண்பனுக்கும் துணை நிற்கிறது. வேறுபாடு இயந்திரத்தில் இல்லை.

வெண்கல மனிதனும் வெட்டுக்கிளி போன்ற கிழவனும்

எதிர்கால அறிவியலையும் பழம்புராணத்தையும் ஒரே பாவில் நெய்வது புதிய முயற்சி என்று சிலர் வியக்கின்றனர். ஆனால் புராணங்களுக்குள்ளேயே இயந்திர மனிதர் இருந்தனர் என்பதைப் பலர் அறியார்.

கிரேக்கருடைய பழங்கதைகளில் ஹெப்பஸ்டஸ் என்னும் தேவன் வருகிறான். நம் கதைகளில் மயன் எப்படியோ, அவர்கள் கதைகளில் அவன் அப்படி. நொண்டிக் கால் உள்ள இக்கொல்லனுக்குப் பொன்னால் செய்த பணிப்பெண்கள் தோள் கொடுத்து உதவினர் என்றும், அவர்களுக்கு அறிவும் பேச்சும் இருந்தன என்றும் ‘இலியட்’ காவியத்தின் பதினெட்டாம் காண்டம் கூறுகிறது. அவன் வார்த்த வெண்கல மனிதன் தலோஸ். கிரீட் தீவை நாளொன்றுக்கு மூன்று முறை சுற்றி வந்து, அந்நியர் கப்பல் நெருங்கினால் பாறைகளை வீசி விரட்டுவது அவன் வேலை. அவன் உடலில் ஓடியது ஒரே ஒரு நரம்பு. அதன் வாய் கணுக்காலில் ஓர் ஆணியால் அடைக்கப்பட்டிருந்தது. மெடியா என்னும் மாயக்காரி அந்த ஆணியைப் பிடுங்கச் செய்ய, உயிர்நீர் எல்லாம் ஒழுகி வெண்கலம் வீழ்ந்தது. தலோஸ் தானாக யாரையும் பகைக்கவில்லை. அத்தீவின் அரசன் மினோசுக்காகவே சுற்றினான்.

சாவை வெல்ல விரும்பிய மனிதனின் கதையும் அங்கே உண்டு. விடியலின் தேவதை டித்தோனஸ் என்னும் இளைஞனைக் காதலித்தாள். அவனுக்குச் சாவாவரம் வேண்டிப் பெற்றாள். இளமையும் வேண்டும் என்று கேட்க மறந்து போனாள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவன் சுருங்கினான், வற்றினான், குரல் மட்டும் மிஞ்சியது. இறுதியில் மரத்தில் ரீங்கரிக்கும் சிள்வண்டாகி விட்டான் என்று கதை முடியும். குழாய்களுக்கு நடுவே தொங்கும் யாஸ்கினைத் திரையில் கண்டபோது நமக்கு இந்த டித்தோனசே நினைவுக்கு வந்தான்.

திரைப்படத் துறையினர் இக்கதைகளை நீண்ட காலமாகவே கையாண்டு வருகின்றனர். 1963-இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தில் தலோஸ் கிறீச்சிட்டுக்கொண்டு எழுந்து நிற்கும் காட்சி உண்டு. கணிப்பொறி வசதி இல்லாத அக்காலத்தில் ரே ஹாரிஹவுசன் என்னும் கலைஞர் சிறு பொம்மையை ஒவ்வொரு படச் சட்டத்திற்கும் இம்மியளவு நகர்த்தி நகர்த்தி அதைப் படமாக்கினார். அவரே 1981-இல் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ படத்தில் பூபோ என்ற உலோக ஆந்தையைப் படைத்தார். கிரேக்கக் கதைக்குள் இயந்திரத் தோழனைக் கொண்டுவந்து குழந்தைகளைச் சிரிக்க வைத்த படம் அது. புஜ்ஜியை அந்த ஆந்தையின் தங்கை எனலாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1980-களில் சுஜாதா ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையில், ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படித்தது, தர்க்கம் பேசியது. அக்கதையில் நாட்டையே நடுங்க வைத்த ‘ஜீவா’ என்னும் சர்வாதிகாரி, இறுதியில் பார்த்தால் வெறும் ஒளித்தோற்றம். அதன் பின்னே மறைந்திருந்தவர்கள் மனிதர்கள். 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்திலும் சிட்டி தானாகக் கெட்டுப்போகவில்லை. பேராசை கொண்ட ஓர் அறிஞர் அதன் உடலில் சிவப்பு நிறச் சில்லு ஒன்றைப் பொருத்திய பிறகே அது அழிவுப் பாதையில் இறங்கியது.

கிரேக்கத்துத் தலோஸ் முதல் நம் சிட்டி வரை எல்லாக் கதைகளும் ஒரே இடத்தைத்தான் சுட்டிக் காட்டுகின்றன: இயந்திரத்தைப் பார்த்தது போதும், அதன் பின்னே நிற்பவனைப் பாருங்கள்!

ஒரு சொல்லின் வரலாறு

இத்தகைய கதைகளுக்கு ‘சைபர்பங்க்’ என்று ஆங்கிலத்தில் பெயர். அமெரிக்க எழுத்தாளர் ப்ரூஸ் பெத்கே தம் சிறுகதை ஒன்றுக்குச் சூட்டிய தலைப்பு அது. அக்கதை 1983-இல் அச்சேறியது. அடுத்த ஆண்டே வில்லியம் கிப்சன் எழுதிய ‘நியூரோமான்சர்’ நாவல் வெளிவந்து, இவ்வகைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. அறிவியல் கோபுர உச்சியில் நிற்க, மனித வாழ்வு சாக்கடை ஓரத்தில் கிடக்கும் உலகத்தைக் காட்டுவதே இவ்வகைக் கதைகளின் இயல்பு. ‘காம்ப்ளெக்’சும் காசியும் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இதில் ‘பங்க்’ என்பது அடங்காத இளைஞரைக் குறிக்கும் கொச்சைச் சொல். ‘சைபர்’ என்பதோ கிரேக்கத்திலிருந்து வந்தது. அம்மொழியில் ‘கிபெர்னெட்டெஸ்’ என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். 1948-இல் நார்பர்ட் வீனர் என்னும் கணித அறிஞர், இயந்திரங்களும் உயிர்களும் தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ளும் முறையை ஆராயும் துறைக்கு இச்சொல்லைக் கொண்டே பெயர் வைத்தார். அன்று முதல் கணிப்பொறி சார்ந்த எதற்கும் ‘சைபர்’ முன்னொட்டாகிவிட்டது.

எவ்வளவு பொருத்தமான சொல்! கப்பல் எவ்வளவு பெரியது, எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பதல்ல, சுக்கான் யார் கையில் என்பதே அச்சொல்லுக்குள் இருக்கும் கேள்வி.

வந்தவாசியில் குடியிருப்போருக்கு இது எளிதில் விளங்கும். 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் நம் ஊரிலே மோதின. இப்பக்கம் அயர் கூட், அப்பக்கம் லாலி. அன்று பீரங்கிகள் முழங்கின. ஆனால் பீரங்கிகளா போரை முடிவு செய்தன? கடல் கடந்த இரு நாடுகளின் வணிகப் போட்டிக்கு நம் வயல்வெளி களமாயிற்று. சிதைந்த கோட்டை இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

தறியின் மேலிருந்த அட்டை

இனி அச்சிறுவனுடைய இரண்டாம் கேள்விக்கு வருவோம். “தறிக்கு மேலே கம்ப்யூட்டர் வைக்கப்போகிறார்களாமே?”

தம்பி, உன் தந்தையின் தறியிலிருந்துதான் கணிப்பொறியே புறப்பட்டது! பிரான்சு நாட்டின் லியோன் நகரமும் ஆரணியைப் போலப் பட்டு நெய்யும் ஊர். அவ்வூர்க்காரரான ஜக்கார்டு என்பவர் 1804-இல் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் கருவியை அமைத்தார். துளை இருந்தால் ஊசி நுழையும், நூல் எழும்பும். துளை இல்லாவிட்டால் நூல் எழாது. உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டே விடைகளால் மலரும் மயிலும் பிறந்தன. 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அப்படம் ஒன்றை இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் அத்தகைய அட்டைகளையே அவர் தேர்ந்துகொண்டார். தறி பூக்களை நெய்வதுபோல் இப்பொறி கணிதக் கோலங்களை நெய்யும் என்ற கருத்தை அடா லவ்லேஸ் அம்மையார் 1843-இல் எழுதி வைத்தார். 1890-இல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கு துளையிட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. இன்றைய கணிப்பொறியின் உள்ளே ஓடும் ஒன்றும் சுழியும் அந்த உண்டு, இல்லை என்பதன் வழித்தோன்றல்களே.

பட்டு நெய்யும் ஊர்களில் இப்போது அட்டைக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு நுழைந்து வருகிறது. கோலத்தைக் கணிப்பொறியில் வரைந்து விரல் நீளக் கருவி ஒன்றில் ஏற்றினால் போதும். நூற்றுக்கணக்கான அட்டைகளைத் துளையிட்டுக் கோக்கும் உழைப்பு மிச்சம். அது நெய்கிறவரின் முதுகு வலியையும் கண் எரிச்சலையும் குறைத்தால் நல்வரவே. ஆனால் அதே கணிப்பொறியும் விசைத்தறியும் சேர்ந்து கைத்தறிக்காரரின் கோலத்தைத் திருடி, பாதி விலைக்கு அடித்துத் தள்ளினால்? இதை எண்ணித்தான் 1985-ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு கைத்தறிக்கு என்று சில துணி வகைகளை ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. முதலில் 22 வகைகளாக இருந்த ஒதுக்கீடு பின்னர் 11 ஆகச் சுருங்கிவிட்டது. சுருக்கியது விசைத்தறியா? மனிதர்களே. எஞ்சிய 11-ஐக் காக்க வேண்டியவர்களும் மனிதர்களே. கைத்தறிச் சேலை என்று கேட்டு, நம்பி, நியாயமான விலை கொடுத்து வாங்க வேண்டியவர்கள் நாமே.

உன் தந்தையின் கால் ஒரு கணம் நின்றதே, அந்த அச்சம் பொய்யானது என்று நாம் சொல்லமாட்டோம். அது மெய்யானது. ஆனால் தறிமேல் இருக்கும் பெட்டியைக் கண்டு அஞ்சுவதில் பயன் இல்லை. அந்தப் பெட்டியால் வரும் ஊதியம் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

‘கல்கி’ படத்தின் புஜ்ஜியும் இதையே சொல்கிறது. அந்த ஊர்தி திரைக்காக வரைந்த வெறும் படமன்று. சுமார் ஆறு டன் எடையில் உண்மையாகவே கட்டப்பட்டது. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்கள் துணை நிற்க, கோவையிலுள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் பட்டறையில் உருவாயிற்று. முன்னே பெரிய சக்கரங்கள் இரண்டு, பின்னே உருண்டையான சக்கரம் ஒன்று. எதிர்கால இயந்திரம் என்று உலகமே வாய்பிளந்து பார்த்ததைச் செய்து முடித்தவை தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் எண்ணெய் படிந்த கைகள்!

குழந்தைக்கு அஞ்சும் அரசன்

படத்தின் ஆணிவேர் எதுவென்று பார்த்தால், அது இயந்திரமும் அன்று, போரும் அன்று. வயிற்றில் இருக்கும் ஒரு சிசு. அத்தனை வலிமை படைத்த யாஸ்கின், இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் உயிரைப் பிடுங்கித் தன் உயிரை நீட்டப் பார்க்கிறான்.

உலகின் பழங்கதைகளில் இந்த அரசனைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறோம். தன் பிள்ளையே தன்னை வீழ்த்துவான் என்று கேள்விப்பட்ட குரோனோஸ், பிறந்த குழந்தைகளை எல்லாம் விழுங்கினான். அவன் மனைவி ரேயா, கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து ஏமாற்றிவிட்டு, மகன் சியுசைக் கிரீட் தீவின் குகையில் ஒளித்து வளர்த்தாள். அக்ரீசியஸ் என்னும் மன்னன், பேரனால் தனக்குச் சாவு என்று அஞ்சி, மகள் டானேயையும் அவளுடைய கைக்குழந்தை பெர்சியூசையும் பேழையில் அடைத்துக் கடலில் தள்ளினான். முன்னே நாம் கூறிய 1981-ஆம் ஆண்டுப் படம் இந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. நம் நாட்டில் கம்சன் கதையை அறியாதவர் உண்டோ?

பெத்லகேமில் பிறந்த பாலனுக்கு அஞ்சிய ஏரோதின் வரலாறு மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. இரவோடு இரவாக எழுந்து, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய சூசையப்பரின் கால்தடங்களை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். இத்திரைப்படம் இந்துப் புராணத்தை அடியொற்றியது. நம் மறையைச் சொல்ல வந்ததன்று. அதை வலிந்து நம்முடையதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஓடி ஒளியும் ஒரு கர்ப்பிணியைக் காப்பது உலகத்தையே காப்பதற்குச் சமம் என்று அது கூறும்போது, நம் இல்லங்களில் ஆண்டாண்டாகச் சொல்லி வந்ததை வேறொரு குரலில் கேட்கிறோம்.

ஓர் அரசு, ஒரு தொழிற்சாலை, ஒரு கண்டுபிடிப்பு நல்லதா தீயதா என்று அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை: அது குழந்தையை என்ன செய்கிறது? பெயர் சொல்லி அழைக்கிறதா, எண் கொடுத்து அடைக்கிறதா?

குடும்பத்தோடு பார்க்கலாமா?

இத்தனையும் கூறிய பின், குறைகளையும் மறைக்காமல் கூறுவது நம் கடமை. படம் சுமார் மூன்று மணி நேரம் ஓடுகிறது. முற்பகுதியில் பெயர்களும் இடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்து, பெரியவர்களையே திணறடிக்கின்றன. பிற்பகுதியில் சண்டைக் காட்சிகள் வேண்டிய அளவுக்கு மேல் நீள்கின்றன. பெண்கள் அடைபட்டிருக்கும் ஆய்வுக்கூடக் காட்சிகள் சிறு பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கலாம். நாயகன் பைரவன் நெடுநேரம் பணத்துக்காகவே ஆளைப் பிடித்துக் கொடுப்பவனாக வருகிறான். அவனைப் பார்த்துக் கைதட்டும் பிள்ளைக்கு யார் உண்மையான வீரன் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதையும் முடியவில்லை; அடுத்த பாகத்திற்கு நம்மை எதிர்பார்க்க வைத்துவிட்டுத் திரை விழுகிறது.

தணிக்கைக் குழு இப்படத்திற்கு ‘யு/ஏ’ சான்றிதழ் அளித்துள்ளது. 1983 முதல் நடைமுறையில் உள்ள இச்சான்றின் பொருள், குழந்தைகள் பெற்றோரின் வழிகாட்டலோடு காணலாம் என்பதே. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதனை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்துள்ளது. நம் கருத்தில், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோர் அருகிலிருக்க இதைப் பார்க்கலாம். அதைவிடச் சிறியவர்களுக்கு, இதே கதைக்கு முன்னுரை போல 2024 மே மாதத்தில் வந்த ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்னும் சித்திரப்படத் தொடரின் இரு பகுதிகளே போதும்.

‘வழிகாட்டல்’ என்ற சொல்லைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவது வழிகாட்டல் ஆகாது. உடன் அமர்ந்து பாருங்கள். அசுவத்தாமன் ஏன் அந்தப் பெண்ணுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தான் என்று பிள்ளையைக் கேளுங்கள். யாஸ்கினுக்கு எல்லாம் இருந்தும் எது இல்லை என்று கேளுங்கள். புஜ்ஜி போன்ற ஓர் இயந்திரம் உனக்குக் கிடைத்தால் அதைக் கொண்டு யாருக்கு உதவுவாய் என்று கேளுங்கள். விடைகள் நம்மை வியக்க வைக்கும். இரவு உணவின்போது அரை மணி நேரம் இவ்வாறு பேசிய குடும்பத்தில், அத்திரைப்படம் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடாது.

அட்டை புரளட்டும்

அன்று ஆரணியில் விடைபெற்றுக்கொள்ளும் வேளையில், அச்சிறுவனைத் தந்தை தறியருகே அழைத்தார். “இங்கே வா தம்பி, இந்த மிதியை மிதி” என்றார். பையன் மிதித்தான். மேலே அட்டை புரண்டது. பாவு நூல்கள் சில எழுந்தன. நாடா இப்புறமிருந்து அப்புறம் பாய்ந்தது. அன்னத்தின் கழுத்தில் ஒரு நூலளவு வளர்ந்தது.

“நீ மிதிக்காவிட்டால் அது என்ன செய்யும்?” என்று தந்தை கேட்டார்.

“சும்மா தொங்கும், அப்பா” என்றான் மகன்.

நாம் இத்தனை பக்கங்களில் சொல்ல முயன்றதை அந்த நெசவாளர் ஒரு மிதியில் சொல்லிவிட்டார். எல்லாக் காலத்திலும் இது இவ்வளவு எளிதாக இராது. தானே மிதித்துக்கொள்ளும் இயந்திரங்கள் வந்துவிட்டன, இனியும் வரும். அப்போதும் அதற்குக் கோலம் வரைந்து கொடுப்பவன் ஒருவன் இருப்பான், அதன் பலனை அள்ளிச் செல்பவன் ஒருவன் இருப்பான். அவர்கள் யார், அவர்கள் நெஞ்சில் இருப்பது அன்பா அச்சமா என்று கேட்கும் துணிவை நம் பிள்ளைகளுக்கு இன்றே ஊட்டுவோம். சுக்கானைப் பிடிக்கும் கை நல்ல கையாக வளர்வது நம் வீட்டுத் திண்ணையில்தான்.